வெள்ளியாக மாறிய வெண்கலம்

இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் முடிந்து, மைதானத்தில் இட்ட சுண்ணாம்புக் கோடுகள் இன்னும் அழியாதிருந்த ஒரு காலைப் பொழுதில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவை விடுத்தான். "சேர், ஊக்கமருந்து எடுத்தவனைக் கள்ளன் எண்டு சொல்லுறம். ஆனால் மருந்து தனிய ஓடாதுதானே? அவனும் விடிய எழும்பி, கால் நோக நோக ஓடித்தானே வெல்லுறான்?" என்றான்.

வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. கேட்டவன் குறும்புக்காரன் அல்லன். அன்றைய 1500 மீற்றர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தவன். மணி அடித்தமையால் நான் அன்று தப்பினேன். அடுத்த நாள் விடை கூறுவதாக வாக்களித்துவிட்டு வந்தேனாயினும், அந்த விடையைத் தேடப் பல நாட்களாயின. தேடியபோது முதலில் நினைவுக்கு வந்தது, எமது நாட்டுப் பெண்மணி ஒருவர் ஓடிய ஓர் ஓட்டமே.

சிட்னி நகரில் ஒரு நாள்

2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 28 ஆந் திகதி. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிலே பெண்களுக்கான 200 மீற்றர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கன்களில் ஓடி முதலிடம் பெற்றார். பஹாமாஸ் தீவுகளைச் சேர்ந்த போலீன் டேவிஸ்-தொம்சன் 22.27 செக்கன்களில் இரண்டாமிடம் பெற்றார். 22.28 செக்கன்களில் மூன்றாவதாக ஓடி முடித்தவர் இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க. யமேக்காவின் பெவர்லி மக்டொனால்ட் 22.35 செக்கன்களில் நான்காவதாக வந்தார். இந்த எண்களை வாசகர்கள் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அவற்றில் ஒன்று, பின்னர் பெரியதொரு கதையாயிற்று.

1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்றதன் பின், 52 ஆண்டுகள் கழித்து இந்நாட்டுக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. அப்பொழுது யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்தது. மின்கலத்தில் இயங்கிய வானொலியின் செய்தியறிக்கை வாயிலாகவே நாம் அதனை அறிந்தோம். எந்தச் செய்தியைக் கேட்டாலும் இழப்புக் கணக்கையே கேட்கப் பழகியிருந்த காதுகளுக்கு, கேகாலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலே எளிய குடும்பத்திற் பிறந்த ஒரு பெண் உலகத்தின் மூன்றாவது விரைவான பெண்ணாக ஓடினாள் என்ற செய்தி விந்தையாக இருந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த முதியவர் ஒருவர், "பிள்ளை நல்லாய் ஓடியிருக்கு" என்று மாத்திரம் சொன்னார். அந்தக் காலத்தில் அது பெரிய வார்த்தை.

அதே நாளில், அதே சிட்னி நகரில், வேறொரு காரியமும் நிகழ்ந்தது. அதனை அன்று நான் அறிந்திலேன். ருமேனியா நாட்டுச் சிறுமி அந்திரேயா ரடுக்கான் என்பவர், உடற்கலைப் போட்டியிற் சகலதுறைத் தங்கப் பதக்கத்தை ஒரு வாரத்துக்கு முன் வென்றிருந்தார். 1976 இல் நாடியா கொமனேச்சி வென்றதன் பின் அந்நாட்டுக்குக் கிடைத்த முதலாவது சகலதுறைத் தங்கம் அது. அவருக்குச் சளி பிடித்திருந்தது. அணியின் வைத்தியர் கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரண மாத்திரையைக் கொடுத்தார். அதிலே சூடோஎபிட்றீன் என்னும் பொருள் கலந்திருந்தது. அப்பொருள் அன்று தடைப்பட்டியலில் இருந்தது. சோதனையில் அது தெரியவரவே, பதக்கத்தைத் திருப்பித் தருமாறு கட்டளை பிறந்தது. ரடுக்கான் சார்பில் விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றத்திடம் முறையிடப்பட்டது. செப்டெம்பர் 28 ஆந் திகதி மன்றம் தீர்ப்பளித்தது. விதி விதியே, பதக்கம் போயிற்று. அவருக்கு 17 வயது நிறைய இன்னும் இரண்டு நாட்களே இருந்தன.

ஏறத்தாழ 37 கிலோ நிறையுடைய அச்சிறுமி ஏமாற்றினாள் என்று எவரும் சொல்லவில்லை. அம்மாத்திரையால் அவளுக்கு ஆதாயம் கிடைத்ததென்றும் எவரும் நிரூபிக்கவில்லை. மாத்திரையைக் கொடுத்த வைத்தியர் மீது தடை விதிக்கப்பட்டது. தங்கம், இரண்டாவதாக வந்த அதே நாட்டுத் தோழி சிமோனா அமனாருக்குச் சென்றது. மூன்றாவதாக நின்ற மரியா ஒலாறுவும் ருமேனியரே. மூவரும் ஒரே அணியினர். ஒரே கொடியின் கீழ் மேடையில் நின்றவர்கள். தோழியின் கழுத்திலிருந்து கழன்ற பதக்கத்தைத் தன் கழுத்தில் அணிய எந்தப் பெண்தான் விரும்புவாள்?

இப்பொழுது மாணவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். சளிக்கு மாத்திரை விழுங்கிய பிள்ளை அதே வாரத்தில் அகப்பட்டாள். உண்மையிலே ஊக்கமருந்து கொண்டு ஓடியவர் மூன்று தங்கமும் இரண்டு வெண்கலமுமாக ஐந்து பதக்கங்களோடு, சோதனைகளில் எதுவும் தென்படாமல், உலகம் கைதட்ட வீடு சென்றார்.

ஓர் ஊசிக்குழாய் சொன்ன கதை

மரியன் ஜோன்ஸ் அகப்பட்டது சிறுநீர்ச் சோதனையால் அன்று. பொறாமையால் என்றே சொல்லலாம். 2003 இல் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு நிறுவனத்துக்குப் பெயர் கூறாத ஒருவர் ஓர் ஊசிக்குழாயை அனுப்பிவைத்தார். அதில் எச்சமாக இருந்த மருந்தின் சில துளிகளை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே டொன் கட்லின் என்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடம் ஆராய்ந்தது. அதுவரை எவரும் பெயரறியாத ஓர் உட்சுரப்பு மருந்து அது. எந்த நோய்க்கும் எந்த மருந்துக் கடையிலும் விற்கப்படாதது. சோதனைகளில் தெரியாமல் இருக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் ஆக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அண்மையில் விக்டர் கொண்டே என்பவர் நடத்திய பால்கோ என்னும் நிறுவனத்தின் வாயிலாக அது வீரர்களைச் சென்றடைந்தது. அவர்கள் அதற்கு வைத்திருந்த செல்லப்பெயர் 'தெளிந்தது' என்ற பொருள்படும்.

ஊசிக்குழாயை அனுப்பியவர் யார் என்பது பின்னரே வெளியாயிற்று. மரியன் ஜோன்ஸின் பயிற்சியாளராக இருந்த ட்ரெவர் கிரகாமே அவர்! போட்டியாளரைக் காட்டிக்கொடுக்க எறிந்த கல் தம் வீட்டுக் கூரையிலேயே விழுந்தது. விசாரணையாளரிடம் பொய் கூறிய குற்றத்துக்காக அவரும் பின்னர் தண்டிக்கப்பட்டார். விளையாட்டுலகிலிருந்து ஆயுட்காலத் தடையும் பெற்றார்.

2007 ஒக்ரோபர் 5 ஆந் திகதி மரியன் ஜோன்ஸ் நீதிமன்றத்திலே குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிட்னி விழாவுக்குச் சற்று முன்னரிருந்து 2001 வரை அம்மருந்தை உட்கொண்டதாகவும், அது ஆளிவிதை எண்ணெய் என்று பயிற்சியாளர் கூறியதை நம்பியதாகவும் சொன்னார். நம்புவதும் நம்பாததும் வாசகர் பொறுப்பு. அவர் சிறை சென்றது மருந்துக்காக அன்று, விசாரணையாளரிடம் பொய் கூறியமைக்காகவே. 2008 ஜனவரியில் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பதக்கங்கள் 2007 டிசெம்பரில் பறிக்கப்பட்டன. ஆனால் அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கச் சர்வதேச ஒலிம்பிக் சபைக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சென்றன. 2009 டிசெம்பர் 9 ஆந் திகதியே முடிவாயிற்று. போலீன் டேவிஸ்-தொம்சனுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, நான்காவதாக வந்த பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம். 100 மீற்றர் ஓட்டத்திலோ தங்கப் பதக்கத்தை எவருக்கும் வழங்காது வெற்றிடமாக விட்டனர். அங்கே இரண்டாவதாக வந்த கிரேக்க வீராங்கனை 2004 இல் மருந்துச் சோதனைக்குச் சமுகமளிக்கத் தவறியவர் என்பதால் அவரை உயர்த்தச் சபைக்கு மனமில்லை.

ஒன்பது ஆண்டுகளும் சில வாரங்களும்! சுசந்திகா 34 வயதை எட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது, அவ்வளவே. ஆயினும் அவர் இழந்தது ஓர் உலோகத் தகட்டை மட்டும் அன்று. ஒலிம்பிக் மேடையில் இரண்டாமவராக நிற்பதென்பது ஒரு கணம். அந்தக் கணத்தை எந்தச் சபையாலும் திருப்பிக் கொடுத்தல் இயலாது. பெவர்லி மக்டொனால்டின் நிலை இன்னும் துயரமானது. அந்த ஓட்டத்துக்காக அவர் மேடையில் ஏறவேயில்லை. போலீன் டேவிஸ்-தொம்சன் 34 வயதில், தமது ஐந்தாவது ஒலிம்பிக் விழாவில் உண்மையில் முதலாவதாக வந்திருந்தார். ஆனால் அன்று அவருக்காகத் தேசிய கீதம் ஒலிக்கவில்லை.

இன்னொன்று. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்த தூரம் ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு: 22.27, 22.28. தமக்கு முன்னே 0.43 செக்கன் இடைவெளியில் ஒருத்தி பறந்து செல்வதைக் கண்ட மற்றவர்கள், தங்கம் போயிற்று, இனி வெள்ளிதான் என்று எண்ணி ஓடினார்களா? முன்னே ஒருவரும் இல்லாதிருந்தால் அந்த நூறிலொரு பங்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? இதற்கு விடையில்லை. விடையில்லாமற் செய்தமையே நான் காணும் பெருங்குற்றம். மருந்து கொண்டவர் தம் பெயரை மாத்திரம் கெடுத்துக்கொள்ளவில்லை. தமக்குப் பின்னே ஓடிய எழுவரின் ஓட்டத்தையும் ஐயத்துக்கு உரியதாக்கிவிட்டார்.

ஐயம் என்றமையால் இதனையும் சொல்லிவிடுவதே நேர்மை. 1998 இல் சுசந்திகா மீதும் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் அவர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டு மீண்டும் ஓடினார். ஆனால் விடுவிப்புச் செய்தி குற்றச்சாட்டுச் செய்தியைப்போல் வேகமாக ஓடுவதில்லை. மருந்து மலிந்த காலத்தில், தூய்மையானவரும் தம் தூய்மையைத் தாமே சுமந்து திரிய வேண்டியிருக்கிறது.

நீதியின் இன்னொரு முடிச்சு

சிட்னியில் மரியன் ஜோன்ஸுடன் அஞ்சல் ஓட்டங்களில் ஓடிய தோழியரின் பதக்கங்களையும் ஒலிம்பிக் சபை பறித்தது. அவர்களில் எழுவர் முறையிட்டனர். ஒருவர் செய்த தவறுக்காக முழு அணியையும் தண்டிக்க 2000 ஆம் ஆண்டு விதிகளில் இடமில்லை என்று 2010 இல் நடுத்தீர்ப்பு மன்றம் கூறிப் பதக்கங்களை அவர்களுக்கே விட்டது. நல்ல தீர்ப்பென்று தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். 4x400 மீற்றரில் இரண்டாவதாக வந்த யமேக்க நங்கையர் நால்வரும் வெள்ளியுடனேயே இருந்தனர். 4x100 மீற்றரில் நான்காவதாக வந்த பிரெஞ்சு அணியினருக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. ஒரு பக்கத்துக்குச் செய்த நீதி மறுபக்கத்துக்கு அநீதியாயிற்று. ஒருமுறை கலங்கிய கிணற்றை எந்த வாளியால் இறைத்தாலும் சேறுதான் வரும்.

பழைய காலத்து விஷயங்கள்

இது இக்காலத்துச் சீர்கேடென்று எண்ணி, முற்காலத்தவர் எல்லோரையும் உத்தமராக்கிவிடல் ஆகாது. கிரேக்க தேசத்து ஒலிம்பியாவிலே, ஓட்டக்களத்துக்குச் செல்லும் வழியோரமாகச் சீயஸ் தெய்வத்தின் வெண்கலச் சிலைகள் வரிசையாக நின்றன. அவை பக்தியால் எழுந்தவை அல்ல. ஏமாற்றியவர்களிடம் அறவிட்ட தண்டப் பணத்தால் எழுந்தவை. கி.மு. 388 இல் எதிராளிகளுக்கு இலஞ்சம் கொடுத்துக் குத்துச்சண்டையில் வென்ற யூபோலஸ் என்பவனிடமிருந்து தொடங்கிற்று அவ்வழக்கம். களத்துள் நுழையும் ஒவ்வொரு வீரனும் அச்சிலைகளைக் கடந்தே செல்லவேண்டும். சிலைகள் இன்று இல்லை. பீடங்கள் மாத்திரம் எஞ்சியுள்ளன.

1904 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்த மரதன் ஓட்டமோ ஒரு நகைச்சுவை நாடகம். முதலில் ஓடிவந்தவர் வழியில் நெடுந்தூரம் மோட்டார் வண்டியில் வந்தவர் என்று தெரிந்தது. அடுத்து வந்த தொமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு, நடுவழியில் அவருடைய துணையாளர் முட்டையின் வெள்ளைக்கருவிற் கலந்து கொடுத்தது, நம் ஊரவர் எட்டி என்றும் காஞ்சிரை என்றும் வழங்கும் மரத்தின் வித்திலுள்ள நஞ்சு, உடன் பிராந்தியும். அவர் பிறர் தாங்க, உயிர் போகாத குறையாக எல்லையைக் கடந்தார். தங்கப் பதக்கமும் பெற்றார். அன்று அதனைத் தடுக்கும் விதி எதுவும் இருக்கவில்லை. ஆகவே அவரைக் கள்ளன் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

விதி பிறந்தது மரணங்களின் பின்னரே. 1967 யூலை 13 ஆந் திகதி, பிரான்சு நாட்டைச் சுற்றும் சைக்கிளோட்டப் போட்டியில், வோன்தூ மலையுச்சியை அணுகுகையில் ஆங்கிலேய வீரர் ரொம் சிம்சன் வெயிலிலே சுருண்டு விழுந்து மாண்டார். வயது 29. அவருடைய உடலில் அம்பெற்றமைன் என்னும் கிளர்ச்சி மருந்தும் மதுவும் இருந்தன. அடுத்த ஆண்டு ஒலிம்பிக் விழாவிலே சோதனைகள் தொடங்கின. மெக்சிக்கோ நகரில் முதன்முதல் அகப்பட்டவர் யார் தெரியுமா? துப்பாக்கி சுடுமுன் கை நடுங்காதிருக்கச் சிறிது பியர் அருந்திய சுவீடன் நாட்டு வீரர் ஒருவர். பெரிய மீன்கள் வலைக்குள் வர இன்னும் நெடுங்காலம் இருந்தது.

நீல நிற மாத்திரை

மாணவனுடைய கேள்விக்கு நான் கண்ட விடையிற் பாதி, கிழக்கு ஜேர்மனியிலே கிடைத்தது. 1974 இலிருந்து அந்நாட்டு அரசே ஓர் இரகசியத் திட்டத்தின்படி வீரர்களுக்கு ஊக்கமருந்தை வழங்கிற்று. மருந்து பெற்றோரின் தொகை ஏறத்தாழ 10,000 என மதிப்பிடப்படுகிறது. அவர்களிற் பலர் பாடசாலைச் சிறுமியர். நீல நிறச் சிறு மாத்திரையைக் கொடுத்து, விற்றமின் என்று சொன்னார்கள். பெற்றோருக்கும் தெரியாது. 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக் விழாவிலே பெண்களுக்கான 13 நீச்சற் போட்டிகளில் 11 ஐ அந்நாட்டினர் வென்றனர். அச்சிறுமியர் சிலரின் குரல் ஆண்குரலாகத் தடித்தது. மேனியில் உரோமம் வளர்ந்தது. பிற்காலத்தில் ஈரலும் கருப்பையும் பழுதுற்றோர் பலர். 1986 இல் ஐரோப்பியக் குண்டெறிதற் போட்டியில் வென்ற ஹைடி கிறீகர், பின்னாளில் ஆணாக மாறி அந்திரேயாஸ் என்ற பெயருடன் வாழ்கிறார். தமக்குத் தெரியாமல் ஊட்டப்பட்ட ஆண்மைச் சுரப்பு, தம் உடலைப் பற்றித் தாமே தீர்மானிக்கும் உரிமையைப் பறித்துவிட்டதென அவர் முறையிட்டிருக்கிறார்.

அத்திட்டத்தின் தலைவர் மன்பிறட் ஏவால்ட் பேர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டது 2000 யூலையில், அதாவது சிட்னி விழாவுக்கு இரண்டு மாதங்களின் முன். தண்டனை 22 மாதங்கள். அதுவும் ஒத்திவைத்த தண்டனை. பதக்கங்களோ மாற்றப்படவில்லை. அவை இன்றும் புத்தகத்தில் அப்பெயர்களிலேயே உள்ளன. கதாயுத்தத்தில் முறை தவறித் துரியோதனனின் தொடையில் அடித்தே பீமன் வென்றான்; அதைக் கண்ட பலராமர் கலப்பையை ஓங்கி எழுந்தார். பாரதம் அந்த வெற்றியையும் மறைக்கவில்லை, அந்த அடியையும் மறைக்கவில்லை. ஒலிம்பிக் ஏடுகள் வெற்றியை மாத்திரம் எழுதிவைத்திருக்கின்றன.

"மருந்து தனிய ஓடாது" என்றான் மாணவன். உண்மையே. ஆனால் மருந்து சும்மாவும் இருப்பதில்லை. கடும் பயிற்சியால் தேய்ந்த தசை ஆறுவதற்கு இயற்கை ஒரு காலத்தைக் குறித்திருக்கிறது. தசை வளர்க்கும் மருந்து அக்காலத்தைக் குறுக்குகிறது. மற்றவர் ஓய்ந்து கிடக்கும் நாளில் மருந்துண்டவர் மீண்டும் பயிற்சிக்கு எழுகிறார். ஆகவே அவர் பட்ட பாடு பொய்யன்று. அந்தப் பாட்டைத் தாங்கும் உடம்பே கடன் வாங்கிய உடம்பு. எரித்திரோபொயற்றின் என்னும் மருந்தோ குருதியிலே செவ்வணுக்களைப் பெருக்கி, நெடுந்தூர ஓட்டக்காரருக்கு மூச்சைக் கூட்டுகிறது. அளவு மிஞ்சினால் குருதி தடித்து உயிருக்கே உலை வைக்கும்.

அவ்வாறாயின் பிறவியிலேயே செவ்வணு மிகுந்தவனை என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும், வரத்தான் வேண்டும். பின்லாந்து தேசத்தின் ஈரோ மந்திரந்தா என்பவர் 1964 இல் பனிச்சறுக்கு ஓட்டத்தில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். அவருடைய குடும்பத்திலேயே ஒரு பரம்பரைக் கூறு இருந்து, சாதாரண மனிதரிலும் மிக அதிகமான செங்குருதியை அவர்களுக்கு அளித்ததென்பதை விஞ்ஞானிகள் 1993 இல் வெளியிட்டனர். ஊசியாற் பெற்றால் குற்றம், தாய் தந்தையராற் பெற்றால் வரம்! இது நியாயமா என்றால், நியாயமன்று என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் உயரமும் நீண்ட காலும் அப்படிப்பட்டவையே. விளையாட்டு எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதற்கு ஏற்பட்டதன்று. அவரவர் கொண்டுவந்ததை அவரவர் உழைப்பால் எதுவரை வளர்க்கலாம் என்று காண்பதற்கு ஏற்பட்டது.

கருவிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2009 இல் உரோம் நகரில் நடந்த உலக நீச்சற் போட்டியிலே, உடல் முழுவதையும் மூடிய ஒருவகைச் செயற்கை ஆடையின் உதவியால் 43 உலக சாதனைகள் ஒரே விழாவில் வீழ்ந்தன. அவ்வாடையால் எவரும் நோயுறவில்லை, எவரும் சாகவில்லை. எனினும் 2010 இலிருந்து அதனைத் தடுத்துவிட்டார்கள். நீந்துவது மனிதனா, துணியா என்ற ஐயம் எழுந்தமையே காரணம்.

விடையின் மற்றப் பாதி இதுதான். இதனையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். ஒருவர் மருந்து உண்டால் அது அவர் ஒருவரது தெரிவாக நிற்பதில்லை. அருகில் ஓடுபவரிடம் அது வந்து, நீயும் உண், அல்லது தோற்றுப் போ என்கிறது. உடம்பைக் கெடுத்துக்கொள்ள மறுப்பவர், திறமை இருந்தும் வெளியேறுகிறார். அவர் பெயர் எந்த ஏட்டிலும் வராது. அகப்பட்டவர்களின் பட்டியல் நம்மிடம் உண்டு. மனம் வெறுத்துச் சப்பாத்தைக் கழற்றிவைத்து வீடு சென்றவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை.

மூலிகையும் விதியும்

நம் வீடுகளுக்கு நெருங்கிய ஒரு விஷயத்தையும் கூறவேண்டும். 2011 இல் உலகக் கிண்ணத் துடுப்பாட்டத்தின்போது நடந்த சோதனையில் இலங்கையின் உபுல் தரங்க அகப்பட்டார். பழைய தோள் உபாதைக்காக உட்கொண்ட மூலிகை மருந்திலே தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று விசாரணை ஏற்றுக்கொண்டது. ஆயினும் மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. 'நாட்டு மருந்துதானே, ஒன்றும் செய்யாது' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. தசை வளர்க்கும் மாவென்று கடைகளில் தகரப் பேணிகளில் விற்பவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்பது, விற்பவருக்கே பல வேளைகளில் தெரியாது. இந்நாட்டிலும் 2013 இல் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் இயற்றப்பட்டது. சோதனை செய்வோரிடம் 'எனக்குத் தெரியாது' என்ற சொல் தண்டனையைக் குறைக்கலாம், பெறுபேற்றைக் காப்பாற்றாது.

உடம்பிற் கிடந்தாற் போதும், எப்படி வந்ததென்று கேளோம் என்னும் இந்த விதி கொடியதுதான். ரடுக்கானின் தீர்ப்பை வாசிக்கும்போது அறிவு ஒப்புகிறது, மனம் ஒப்பவில்லை. அதே சூடோஎபிட்றீனை 2004 இல் தடைப்பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2010 இல், குறித்த அளவுக்கு மேற்பட்டாற் குற்றம் என்று மீண்டும் சேர்த்தார்கள். சட்டத்துக்கு மனம் மாற உரிமையுண்டு. சிறுமிக்குப் போன பதக்கம் போனதுதான். ஆனால் அந்த விதியைத் தளர்த்தினால் எல்லோருக்கும் சளி பிடித்துவிடும்; எல்லோருக்கும் ஆளிவிதை எண்ணெய் கிடைத்துவிடும். இதைவிடச் சிறந்த விதியொன்றைச் சொல் என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் அந்த மாணவனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டபின், சில ஆண்டுகளுக்கு முன் எம் கல்லூரியில் நடந்த ஒரு காரியத்தை எனக்கே நினைவூட்டினான். அவனுடைய அண்ணனைப் பற்றியது அது. வெளியே நடந்த ஒரு போட்டியில், 17 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான 800 மீற்றரில் அண்ணன் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்த பையனின் பிறப்புச் சான்றிதழ் அவனுடையதன்று, தம்பியுடையது என்று பின்னர் தெரியவந்தது. அங்கே மருந்தில்லை, ஊசியில்லை. இரண்டு வயது மட்டும் கூடுதல். முறைப்பாடு செய்தோம். எட்டு மாதங்களின் பின் முதலாமிடத்துச் சான்றிதழ் தபாலில் வந்தது. அப்பொழுது க.பொ.த. சாதாரணப் பரீட்சை நெருங்கியிருந்தது. பையனை அலுவலகத்துக்கு அழைத்து, அதிபர் முன்னிலையிற் கொடுத்தோம். அவன் பதிவேட்டிற் கையெழுத்திட்டான்.

"அண்டைக்கு மேடையில ஏறினவர், அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்திட்டாரோ, சேர்?" என்று அவன் கேட்டான்.

தெரியாது என்றேன். அவன் சான்றிதழை மடிக்காமல், கணிதக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான்.